மூச்சைக் கவனியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிடாதீர்கள்

பாம்பன் பக்கத்திலிருந்து வந்த ஒரு மீனவரிடம் நான் செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாட்டுப்படகு கவிழ்ந்து, இரவு முழுக்க ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடித்தபடி மிதந்து பிழைத்தவர் அவர். கூடப் போன மைத்துனர் பிழைக்கவில்லை. "என்னால்தான் அவன் போனான்" என்ற ஒரே எண்ணம் எட்டு மாதமாக அவரை உறங்கவிடவில்லை.

பௌத்தத் தியானத்தில் வழக்கமாகச் சொல்வதுபோல, கண்களை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். பத்து மூச்சுகூட ஆகியிருக்காது. நெற்றி வியர்த்துவிட்டது, கை நாற்காலி விளிம்பை இறுகப் பற்றியது. "வேண்டாம் அம்மா, தண்ணீர் மூக்கில் ஏறுகிறது" என்றார். நடுக்கடலில் மூச்சுக்குத் தவித்த மனிதருக்கு மூச்சு அடைக்கலம் ஆகாது என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். இந்தக் கடற்கரையில் ஆலோசகராக இருக்கும் எனக்கு அது தெரியாமல் போனது இன்றும் வருத்தம்தான்.

அடுத்த முறை அவரை வலையோடு வரச் சொன்னேன். கண்களைத் திறந்தே வைத்திருக்கலாம் என்றேன். தரையில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த இடத்தைத் தைக்கத் தொடங்கினார். ஊசி வலையின் ஒரு கண்ணுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. நைலான் நூல் ஆள்காட்டி விரலில் அழுந்துகிறது. முடிச்சு இறுகுகிறது. "எண்ணம் வந்தால் விரட்டாதீர்கள், அதோடு வாதாடவும் வேண்டாம். வந்திருக்கிறது என்று அறிந்துகொண்டு, நூல் விரலில் அழுந்தும் இடத்துக்குத் திரும்புங்கள்" என்றேன். இருபது நிமிடம் தைத்தார். அவர் தோள்கள் தணிந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

இது பௌத்தத்தை நான் என் வசதிக்கு வளைத்தது அன்று. புத்தரின் உரைகளைப் பாலி மொழியில் தொகுத்த நூல்களில் ஒன்று மஜ்ஜிம நிகாயம்; அதில் ஓர் உரையைச் 'சுத்தம்' என்பார்கள். அதிலுள்ள சதிபட்டான சுத்தம் மூச்சில் தொடங்குகிறது, ஆனால் மூச்சோடு நின்றுவிடவில்லை. நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது, கையை மடக்கி நீட்டுவது, உண்பது, உடுத்துவது, மலஜலம் கழிப்பதுகூட அதில் விழிப்புக்கு உரிய இடங்கள்தான். பாலியில் இந்த விழிப்புக்கு 'சதி' என்று பெயர். அந்த ஒலிக்குத் தமிழில் வேறு பொருள் இருப்பதால் பலர் திகைக்கிறார்கள். புத்தர் காட்டிய எண்வகை மார்க்கத்தைத் தமிழில் சொன்னவர்கள் அதை 'நற்கடைப்பிடி' என்றார்கள். கடைப்பிடி என்ற பழஞ்சொல்லுக்கு மறவாமை என்று பொருள். 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று ஆயிரம் முறை சொல்வதைவிட இந்த ஒரு சொல் எனக்கு அதிகம் விளக்குகிறது. எண்ணம் நம்மை இழுத்துக்கொண்டு போகும்போது நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்பதை மறந்துபோகிறோம், அவ்வளவுதான்.

அதே சுத்தத்தில், சினமுள்ள மனத்தைச் 'சினமுள்ள மனம்' என்று அறிகிறான் என்று வருகிறது. பாலியில் அந்த இடத்தில் 'தி' என்ற சிறு ஒட்டு நிற்கிறது. அது நம் 'என்று' செய்கிற வேலையைத்தான் செய்கிறது. வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ஒரு சொல்லைச் சேர்க்கத்தான். "என்னால்தான் அவன் போனான்" என்ற வாக்கியத்துக்குள் அந்த மனிதர் மூழ்கிக் கிடந்தார். "என்னால்தான் அவன் போனான் என்று ஓர் எண்ணம் வருகிறது" என்று சொல்லும்போது கரையில் நின்று அதைப் பார்க்க முடிந்தது. எண்ணம் பொய்யென்று நான் அவரிடம் வாதிடவில்லை.

கெட்ட எண்ணம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்க வேண்டும் என்றுதான் நம்மில் பலர் வளர்ந்திருக்கிறோம். வேண்டாத எண்ணங்களைக் கையாள விதக்கசண்டான சுத்தம் என்ற இன்னோர் உரை ஐந்து வழிகளைச் சொல்கிறது. தச்சர் சிறிய ஆப்பை அடித்துப் பெரிய ஆப்பை வெளியேற்றுவதுபோல நல்ல எண்ணத்தால் அதை மாற்றுவது முதல் வழி. அதன் தீங்கை எண்ணிப் பார்ப்பது, பொருட்படுத்தாமல் விடுவது, வேகமாக நடப்பவன் நடையைத் தளர்த்திப் பிறகு நின்று, உட்காருவதுபோல எண்ணத்தின் வேகத்தைக் குறைப்பது என்று அது வரிசையாகப் போகிறது. பல்லைக் கடித்து அடக்குவது ஐந்தாவது, மற்ற நான்கும் பலிக்காதபோது மட்டும். நாம் ஐந்தாவதில் தொடங்கி அங்கேயே களைத்துப்போகிறோம்.

மண்டபம் பக்கம் கடலில் பாசி எடுக்கும் ஒரு பெண்ணையும் சொல்ல வேண்டும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுக்கும் வேலை. பாறை கிழித்துக் காலில் புண். பத்து நாள் வேலைக்குப் போக முடியவில்லை. அதைவிட, "நான் ராசியில்லாதவள்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான் அவரைப் படுக்க வைத்தது. சம்யுத்த நிகாயம் என்ற மற்றொரு தொகுப்பில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிறார். உடலில் தைத்த அம்பு ஒன்று. அதற்காகப் புலம்பி மனத்தில் தைத்துக்கொள்வது இரண்டாவது. அந்தப் பெண்ணிடம் முதலில் புண்ணுக்கு மருந்து போட்டாயா என்றுதான் கேட்டேன். முதல் அம்பைக் கவனிக்காமல் இரண்டாவதைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதே காரணத்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பெரிய வழியில்லாத வீட்டில் போய், கவலையைக் கவனித்துப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன். படகு கரை திரும்பாத இரவில் மனைவி அஞ்சுவது எதிர்மறை எண்ணம் ஆகாது. அவருக்குத் தேவை தகவலும், கூட உட்கார ஓர் ஆளும்.

மதம் மாறச் சொல்கிறீர்களா என்று தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் கேட்டிருக்கிறார்கள். இல்லை. ஜெபமாலை மணியையோ தஸ்பீஹ் மணியையோ விரல் உணர்வது நல்ல இடம்தான், அதிலேயே தொடங்குங்கள் என்கிறேன்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் பயிற்சியை மட்டும் நம்பாதீர்கள். சாவதே மேல் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநோய்க்கு மருத்துவம் உண்டு என்பதை இந்த மாவட்டத்தில் நான் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த நாளைச் சொல்லித்தான் பேசுகிறேன்.

அந்த மீனவர் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார், வலையும் தைக்கிறார். போன மாதம் வந்தபோது, எண்ணம் இன்னும் தினமும் வருகிறது, முன்பு விடியும்வரை இருந்தது, இப்போது சில நாள் ஏழெட்டு முடிச்சுக்குள் போய்விடுகிறது என்றார். படகில் ஏறவில்லை. கரைவலை இழுக்க மட்டும் போகிறார். மூச்சுப் பயிற்சியை நாங்கள் இன்னும் தொடவில்லை.