கொசு செல்லுக்குள் கமுக்கமாக ஒரு குடித்தனம்

சிண்ட்பிஸ் என்றொரு வைரஸ் உண்டு. சிக்குன்குனியாவுக்கு உறவு. ஹாம்ஸ்டர் எலியின் சிறுநீரகச் செல்கள் வளரும் குடுவையில் இதை விட்டால், ஓரிரு நாளில் செல்கள் சுருங்கி உருண்டு, அடிப்பரப்பிலிருந்து கழன்று மிதக்க ஆரம்பித்துவிடும். அதே வைரஸைக் கொசுவின் செல்களில் விட்டால் கதையே வேறு. முதலில் எக்கச்சக்கமாகப் பெருகும். அப்புறம் வேகம் தணிந்துவிடும். செல்கள் பாட்டுக்குப் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும். புதுக் குடுவைக்கு மாற்றி மாற்றி வளர்த்து, மாதக்கணக்கில் கழித்துச் சோதித்தாலும் வைரஸ் உள்ளேயே இருக்கும்.

இதைத்தான் நீடித்த தொற்று என்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நோயின் அடையாளமே இருக்காது. அப்படியானால், வேண்டுமென்று யாரும் விடாத வைரஸ் ஒன்று செல்களோடு சேர்ந்தே வந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

1975-இல் அப்படி ஒன்று அகப்பட்டது. அதில் புனேவுக்கும் பங்குண்டு. அங்கிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் (இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்) கே.ஆர்.பி. சிங், ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் புழுக்களிலிருந்து 1967-இல் ஒரு செல் வரிசையை (குடுவையில் தலைமுறை தலைமுறையாகப் பெருகிக்கொண்டே இருக்கும் செல்களின் வம்சம்) உருவாக்கியிருந்தார். பெலெக் என்ற ஆய்வாளர் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் கருக்களிலிருந்து இன்னொன்றை உருவாக்கியிருந்தார். இரண்டும் பல நாட்டு ஆய்வகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் விக்டர் ஸ்டோலரும் தாமஸ் என்ற இன்னொரு ஆய்வாளரும், பெலெக் செல்கள் வளர்ந்த ஊடகத்தை (செல்களுக்கு உணவாகும் திரவத்தை) எடுத்து சிங் செல்களின் மேல் ஊற்றினார்கள். சில நாளில் சிங் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இணைந்து, ஒரே உறைக்குள் பல உட்கருக்கள் கிடக்கும் பெரும் பிண்டங்களாகிவிட்டன. அந்த ஊடகம் வந்த பெலெக் செல்களுக்கோ ஒரு குறையும் இல்லை.

செல்களை இப்படி இணைத்தது டெங்குவின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ். ஆனால் முதுகெலும்புள்ள விலங்குகளின் செல்களில் இது வளராது, பூச்சியோடு சரி. ரொம்ப காலம் இது வெறும் ஆய்வகச் சரக்கு என்றே இருந்தது. 2006-இல்தான் போர்ட்டோ ரிக்கோவில் பிடித்த காட்டுக் கொசுக்களிலும் இது இருப்பதைக் காட்டினார்கள்.

சரி, கொசு செல் ஏன் சாகவில்லை? முக்கியமான காரணம் ஒரு வெட்டும் இயந்திரம். இந்த வைரஸ்களின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. அப்படிப்பட்ட வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகிறது. டைசர்-2 என்ற புரதம் அதைக் கண்டதும் 21 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கும். ஆர்கோநாட்-2 என்ற இன்னொரு புரதம் ஒரு துண்டை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ.வைத் தேடித் தேடி வெட்டும். வைரஸை ஒழிக்க இது போதாது, அடக்கி வைக்கப் போதும்.

ஆனால் கணக்கு அத்தனை எளிதில்லை. சிங் செல்களிலிருந்து 1978-இல் இகராஷி பிரித்தெடுத்த சி6/36 என்ற வரிசையில் டைசர்-2 பழுதாகிக் கிடக்கிறது. இது 2010-இல்தான் தெரியவந்தது. அந்த வரிசையில் டெங்கு செழித்து வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். நோயாளியின் ரத்தத்திலிருந்து டெங்குவைப் பிரித்தெடுக்க ஆய்வகங்கள் அதைத்தான் நாடுகின்றன. அப்படியிருந்தும் அந்த செல்களில்கூட நீடித்த தொற்று உருவாகிறது. ஆக, வேறு வழிகளும் இருக்கின்றன. நகலெடுக்கும்போது ஒரு பாகம் விடுபட்ட குறை வைரஸ்கள் பிறக்கும். அவை முழு வைரஸுக்கு வேண்டிய புரதங்களைப் பறித்துக்கொண்டு அதன் பெருக்கத்தைக் கெடுக்கும். பழ ஈக்களில் இன்னொரு விசித்திரம்: செல், வைரஸ் ஆர்.என்.ஏ.வின் துண்டுகளை டி.என்.ஏ.வாக எழுதி வைத்துக்கொள்கிறது. அந்த எழுத்து வேலையைத் தடுத்தால் தொற்று நீடிப்பதில்லை என்று 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இப்படி வைரஸ் குடியேறிய செல்களில் அதே வைரஸை மறுபடி ஊற்றினால் பெரும்பாலும் பலிக்காது. தொடர்பில்லாத வேறு வைரஸ் தாராளமாக வளரும். இரண்டுமே ஆய்வாளருக்குத் தலைவலி. தன் குடுவையில் ஏற்கெனவே ஒருவர் இருப்பது தெரியாமல் சோதனை செய்தால், முடிவு யாருடைய வேலை என்றே புரியாது.

தடுப்பூசித் துறைக்கு இது இன்னும் பெரிய கவலை. நம்மூர் மக்காச்சோளத்தை 2018 முதல் பாடாய்ப்படுத்தும் படைப்புழு இருக்கிறதே, அதன் சினைப்பைச் செல்களிலிருந்து வந்ததுதான் எஸ்.எஃப்.9 என்ற செல் வரிசை. 1980-களிலிருந்து, தடுப்பூசி உள்ளிட்டவற்றுக்கு வேண்டிய புரதங்கள் தயாரிக்க உலகமெங்கும் பயன்படுகிறது. அதற்குள் ஒரு ரேப்டோ வைரஸ் (வெறிநாய்க்கடி வைரஸின் குடும்பம்) இருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் 2014-இல் கண்டார்கள். குடுவையில் உள்ள மரபுப்பொருள் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக வாசிக்கும் முறை வந்த பிறகுதான் அது சிக்கியது. சோதித்த மனித செல்களில் அது பெருகவில்லை. ஆனாலும் அந்த வைரஸ் இல்லாத பூச்சி செல் வரிசையைத் தனியாகப் பிரித்து வளர்த்திருக்கிறார்கள்.