நிபுணருக்கு யார் மார்க் போடுவது?

டயர் கம்பெனி ஒன்றில் பணம் போடலாமா என்று ஒரு முதலீட்டு நிறுவனம் யோசிக்கிறது. அந்தத் தொழிலிலேயே ஊறிய ஒருவரிடம் ஒரு மணி நேரம் போனில் பேசினால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் 'எக்ஸ்பர்ட் நெட்வொர்க்' நிறுவனங்களின் தொழில். 1998-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஜிஎல்ஜி, 2008-இல் லண்டனில் தொடங்கிய ஆல்ஃபாசைட்ஸ் எல்லாம் இந்த ரகம். நிபுணருக்குப் பேசிய நேரத்துக்குக் காசு.

பேச்சு முடிந்ததும் வாடிக்கையாளர் 5-க்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுப்பார். அதன் சராசரியை அப்படியே எடுத்துக்கொண்டால் வம்பு. ஒரே ஒரு முறை பேசி 5 வாங்கியவர், 40 முறை பேசி 4.7 வைத்திருப்பவரைத் தாண்டிவிடுவார். நிறுவனங்கள் தங்கள் கணக்கை வெளியே சொல்வதில்லை. ஆனால் புள்ளியியலில் இதற்குப் பழகிய வைத்தியம் ஒன்று உண்டு. எல்லா நிபுணர்களின் பொதுச் சராசரி 4.2 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் கணக்கிலும் 4.2 மதிப்பெண்ணோடு பத்துக் கற்பனை உரையாடல்களை முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். இப்போது முதலாமவருக்கு 47-ஐ 11-ஆல் வகுத்து 4.27, இரண்டாமவருக்கு 230-ஐ 50-ஆல் வகுத்து 4.6. புதியவர் பேசப் பேச, கற்பனை உரையாடல்களின் எடை தானாகக் குறையும். ஐஎம்டிபி தளம் தன் சிறந்த 250 படங்களை வரிசைப்படுத்தக் கையாண்டதும் இதே உத்திதான்.

சரி, அந்த 5 எதை அளக்கிறது? 1970-இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்கள் முன்னால் பேசவிட்டார்கள். தலைப்பு, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு. அவருக்கு அதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாக, நகைச்சுவை கலந்து, தயங்காமல் பேசினார். கேட்டவர்கள் நல்ல மதிப்பெண்ணே போட்டார்கள்! 1973-இல் ஆய்வாகவே இது வெளிவந்தது. "எனக்கு இது தெரியாது" என்று நேர்மையாகச் சொல்லும் நிபுணருக்கு நட்சத்திரம் குறைவதில் ஆச்சரியமில்லை.

வாடிக்கையாளர் சொல்வதைவிடச் செய்வதைப் பார்ப்பது மேல் என்பது என் கட்சி. அரை மணியில் அழைப்பை முடித்துக்கொண்டாரா, நீட்டித்தாரா? அதே ஆளை மறுபடி கேட்டாரா? கைக்காசைச் செலவழித்து இரண்டாம் முறை வருபவர் சும்மா வருவதில்லை.

ஆனால் இதற்கும் ஓர் இருண்ட பக்கம் உண்டு. சிட்னி கில்மன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற நரம்பியல் நிபுணர். ஒரு நெட்வொர்க் வழியாக அறிமுகமான முதலீட்டு மேலாளர் மேத்யூ மார்டோமா அவரை மணிக்குச் சுமார் 1,000 டாலருக்குத் திரும்பத் திரும்ப அழைத்தார். 2008-இல் ஓர் அல்சைமர் மருந்துச் சோதனையின் முடிவுகள் வெளியாகும் முன்பே கில்மன் வாயிலிருந்து மார்டோமாவுக்குப் போய்விட்டன. வெளியாகாத அந்தத் தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்த குற்றத்துக்காக 2014-இல் மார்டோமாவுக்கு 9 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. மறு அழைப்புகளை மட்டும் எண்ணியிருந்தால் கில்மன்தான் முதல் ரேங்க்.

அதனால்தான் ரகசியம் காக்கும் விதிகள் மதிப்பெண்ணில் கலக்கப்படாமல் தனியே நிற்கின்றன. பெரிய நெட்வொர்க்குகளில் விதிமுறைப் பயிற்சியை முடித்தால்தான் அழைப்பே வரும். ஒரு கம்பெனியில் இப்போது வேலை பார்ப்பவர் அந்தக் கம்பெனியைப் பற்றிப் பேச முடியாது, எத்தனை நட்சத்திரம் வைத்திருந்தாலும்.