"ரீடர் படிக்க மட்டும்தானே செய்கிறது?"

ரிங் பஃபர் என்பது கடைசி இடம் நிரம்பியதும் முதல் இடத்திலிருந்தே மறுபடி எழுதப்படும் நினைவகப் பகுதி. அதில் நிகழ்வுகளை எழுதும் த்ரெட் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை) ஒன்று, அதுதான் ரைட்டர்; படிக்கும் த்ரெட்கள், அதாவது ரீடர்கள், நாற்பது. டெஸ்ட் எல்லாம் பாஸ். ப்ரொடக்‌ஷனுக்குப் போனதும் பாதி பழையது, பாதி புதியது ஒட்டிய ஒரு நிகழ்வை ஏதோ ஒரு ரீடர் எடுத்து வருகிறது. எத்தனை முறைதான் இதே பிழை அறிக்கை! கேட்டால் வரும் பதிலும் மாறுவதில்லை: "ரீடர் படிக்க மட்டும்தானே செய்கிறது, எத்தனை இருந்தால் என்ன?"

தயவுசெய்து இந்த எண்ணத்தை விடுங்கள். யாருமே எழுதாத தரவுக்குத்தான் அது பொருந்தும். 1024 ஸ்லாட் (ஒரு நிகழ்வுக்கான இடம்), நொடிக்கு 10 லட்சம் நிகழ்வு என்றால் ரைட்டர் ஒரு சுற்று வர ஏறத்தாழ 1 மில்லிநொடி போதும். இயங்குதளம் ஒரு த்ரெட்டை ஓரங்கட்டினால் பல மில்லிநொடி போய்விடும். ஸ்லாட்டைச் சரிபார்த்துவிட்டு, காப்பி எடுக்கும் முன் ரீடர் இப்படி நின்றால், திரும்பி வரும்போது அதே இடத்தில் வேறு நிகழ்வு இருக்கும், அல்லது பாதி எழுதியது இருக்கும். ப்ராசசரின் கோர்களைவிட ரீடர்கள் அதிகமானால் இது அன்றாடம் நடப்பது. அதனால் காப்பி எடுத்த பிறகும், ஒவ்வொரு நிகழ்வுக்கும் ரைட்டர் தரும் வரிசை எண் மாறியிருக்கிறதா என்று ஸ்லாட்டில் பார்த்தே ஆக வேண்டும். ரீடருக்காக ரைட்டர் காத்திருக்கும் வடிவமைப்பா? அதில் ஒவ்வொரு ரீடரும் தான் எதுவரை படித்தது என்று எழுதி வைக்கிறது. "படிக்க மட்டும்" என்பதே அங்கே பொய்.

டெஸ்ட் இதைப் பிடிக்காததற்குக் காரணம், பெரும்பாலும் அதில் மோதலே நடப்பதில்லை. 65,536 ஸ்லாட் வைத்து ஆயிரம் நிகழ்வு எழுதினால் பஃபர் ஒருமுறைகூடச் சுற்றாது. 4 ஸ்லாட் வையுங்கள். த்ரெட்களை ஒவ்வொன்றாகக் கிளப்பினால் கடைசி ரீடர் எழும் முன்பே முதல் ரீடர் முடித்திருக்கும். எல்லாம் ஒரு பேரியரில் (எல்லா த்ரெட்களும் வந்து சேரும்வரை நிறுத்தி வைக்கும் தடுப்பு) நின்று ஒன்றாகப் புறப்படட்டும். ரீடருக்குள் பிரிண்ட் போடவே போடாதீர்கள். பிரிண்டுக்குள் இருக்கும் லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) எல்லா ரீடர்களையும் வரிசையில் நிறுத்திவிடும், பிழை ஒளிந்துகொள்ளும்.

கோர்களைப் போல நான்கு மடங்கு ரீடர்களோடும் ஓட்டுங்கள். ஒன்று வேண்டுமென்றே தூங்கட்டும், ஒன்று நடுவில் விலகி மறுபடி சேரட்டும். சரிபார்ப்புக்கும் காப்பிக்கும் இடையே, டெஸ்ட் பில்டில் மட்டும், ஒரு ரேண்டம் தாமதம் வையுங்கள்.

மொத்த எண்ணிக்கையை ஒப்பிட்டுவிட்டு நிம்மதி அடையாதீர்கள். ஒன்று தொலைந்து இன்னொன்று இருமுறை வந்தாலும் கூட்டுத்தொகை சரியாகவே நிற்கும். நிகழ்வின் 8 வேர்டுகளிலும் (நினைவகத் துண்டுகள்) ஒரே வரிசை எண்ணை எழுதுங்கள். ஒன்று மாறியிருந்தாலும் ரீடர் கையில் இருப்பது இரண்டு நிகழ்வுகளின் ஒட்டு. எண் ஒவ்வொரு ரீடருக்கும் ஏறிக்கொண்டே வர வேண்டும். பெற்றதும் தவறவிட்டதாக அறிவித்ததும் சேர்ந்தால் எழுதியதற்குச் சமமாக வேண்டும். 32 பிட் எண் என்றால் 0-இல் தொடங்காதீர்கள். நொடிக்கு 10 லட்சம் வேகத்தில் அது 0-க்குத் திரும்ப 71 நிமிடத்துக்கு மேல் ஆகும், உங்கள் டெஸ்ட் அதுவரை ஓடாது. 4,294,967,290-இல் தொடங்குங்கள்.

எக்ஸ்86 வகை ப்ராசசர் உள்ள லேப்டாப்பில் மட்டும் ஓட்டுவதும் போதாது. அங்கே ஒரு கோர் எழுதியதை மற்றவை அதே வரிசையில் பார்க்கும், ஏ.ஆர்.எம். வகை ப்ராசசரில் அந்த உத்தரவாதம் இல்லை. ரிலீஸ், அக்வயர் (எழுதுவதும் படிப்பதும் வரிசை மாறாமல் காக்கும் குறிப்புகள்) விட்டுப்போன கோட் அங்கேதான் உடையும். சி++ மொழியின் வாலட்டைல் என்ற குறிச்சொல் இதற்கு மருந்தல்ல. த்ரெட்களின் மோதலைக் கண்டுபிடிக்கும் கருவியான த்ரெட் சானிடைசரையும் தனியாக ஓட்டுங்கள். 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிழை சிக்கியதும் ரீடர் தன்னிடம் உள்ள கடைசி 64 வரிசை எண்களையும் ரேண்டம் சீடையும் (அதே ரேண்டம் எண்களை மறுபடி வரவைக்கும் தொடக்க எண்) கொட்டிவிட்டு அங்கேயே புரோகிராமை நிறுத்தட்டும். "மறுபடி ஓட்டினேன், பாஸ் ஆகிவிட்டது" என்று மட்டும் அந்த டிக்கெட்டை மூடாதீர்கள்.