ஃபைலுக்குள் ரெக்கார்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது?

மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினிகளில் ஓடும் கோபோல் மொழி நிரலில், ஃபைலை அறிவிக்கும் இடத்தில் ‘ஆர்கனைசேஷன் இஸ்’ என்று ஒரு வரி உண்டு. அதற்கு அடுத்து சீக்வென்ஷியல், இன்டெக்ஸ்டு, ரிலேட்டிவ் என்ற மூன்றில் ஒன்று வரும். பழைய நிரலை நகலெடுத்து வேலையைத் தொடங்குபவர்கள் அந்தச் சொல்லைத் தொடவே மாட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இரவில் மொத்தமாக ஓட்டும் நிரல் வேலை, அதாவது ஜாப், விடிவதற்குள் முடியுமா என்பது பெரும்பாலும் அந்தச் சொல்லைப் பொறுத்தது என்று அப்புறம்தான் புரிந்தது.

சீக்வென்ஷியலில் ரெக்கார்டுகள் (ஓர் ஊழியர், ஒரு வாடிக்கையாளர் என ஒவ்வொருவரின் விவரத் தொகுப்பு) எழுதிய வரிசையிலேயே கிடக்கும், முதலிலிருந்து படித்துக்கொண்டே போக வேண்டும். கேட்டால் பத்தாம்பசலித்தனமாகத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஐ.பி.எம். 3390 வட்டில் 80 பைட் ரெக்கார்டுகளை ஒரே வாசிப்பில் வரும் 27,920 பைட் பிளாக்குகளாகக் கட்டினால், ஒரு பிளாக்கில் 349 ரெக்கார்டு பிடிக்கும். 10 லட்சம் ரெக்கார்டும் 2,866 பிளாக்கில் அடங்கிவிடும். இதையே கீ (ஊழியர் எண் மாதிரி அடையாள எண்) கொடுத்து கண்டபடி ஒவ்வொன்றாக எடுத்தால், ரெக்கார்டுக்கு ஒரு வாசிப்பு என்றே வைத்தாலும் 10 லட்சம் வாசிப்பு. எல்லா ஊழியருக்கும் சம்பளம் போடும் ஜாப்புக்கு, எந்தக் கீ எங்கே என்று காட்டும் இன்டெக்ஸ் எதற்கு?

ஆக, முதலில் கேட்க வேண்டியது: ஒரு ஓட்டத்தில் ஃபைலில் எவ்வளவு பங்கைத் தொடப்போகிறோம்?

ஒரே ஒரு வாடிக்கையாளரின் விவரம் திரையில் உடனே வர வேண்டும் என்றால் இன்டெக்ஸ்டு ஃபைல்தான். இன்று அதற்குப் பெயர் கே.எஸ்.டி.எஸ்., ஐ.பி.எம்.மின் ஃபைல் முறையான விசாம் குடும்பத்தின் மூத்த பிள்ளை. 1970-களின் தொடக்கத்தில் வந்த விசாமுக்கு முன்பு ஐசாம் என்ற பழைய இன்டெக்ஸ் முறை இருந்தது. அதில் இடையில் நுழைக்கும் ரெக்கார்டுகள் தனி ஓவர்ஃப்ளோ பகுதிக்குப் போய்ச் சங்கிலியாகத் தொங்கும். சங்கிலி நீள நீளத் தேடலும் இழுக்கும். விசாம் இதை வேறு விதமாகச் சமாளிக்கிறது.

4,096 பைட் அளவுள்ள ஒரு கண்ட்ரோல் இன்டர்வலை, அதாவது விசாம் ஒரே வீச்சில் படிக்கும் துண்டை, எடுத்துக்கொள்வோம். சுருக்கமாக சி.ஐ. அதன் வால் பகுதியில் 10 பைட் விசாமின் சொந்தக் குறிப்புக்குப் போய்விடும். மீதியில் 200 பைட் ரெக்கார்டுகள் 20 பிடிக்கும். ஃபைலை உருவாக்கும்போது ஃப்ரீஸ்பேஸ் 20 சதவீதம் என்று சொல்லியிருந்தால், முதல் லோடில் 16 மட்டும் வைத்துவிட்டு மிச்ச இடத்தைக் காலியாக விடும். அப்புறம் நான்கு புதிய ரெக்கார்டுகள் வரை பிரச்சினை இல்லை, பக்கத்து ரெக்கார்டுகள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிடும். ஐந்தாவது வரும்போது சி.ஐ. பிளக்கும். பாதி ரெக்கார்டுகள் வேறொரு காலி சி.ஐ.க்குக் குடிபெயரும், இன்டெக்ஸில் புதிய பதிவு ஏறும். காலி சி.ஐ.யும் இல்லாவிட்டால் பல சி.ஐ.க்கள் சேர்ந்த கண்ட்ரோல் ஏரியாவே பிளக்கும். அதற்கு ஆகும் வட்டு வேலை கொஞ்சநஞ்சமல்ல.

அதற்காக ஃப்ரீஸ்பேஸை அள்ளிக் கொடுக்கவும் கூடாது. கீ எப்போதும் ஏறிக்கொண்டே போகும் ஆர்டர் எண் என்றால் புதியவை எல்லாம் கடைசியில்தான் சேரும். நடுவில் விட்ட இடம் எந்நாளும் நிரம்பாது. ஒரு முறை இப்படிப்பட்ட ஃபைலுக்குத் தாராளமாக 30 சதவீதம் விட்டு வைத்து, வட்டு இடம் கவனிப்பவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விசாமின் மற்ற ஃபைல் வகைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். இ.எஸ்.டி.எஸ். நாட்குறிப்பு மாதிரி: கடைசியில் சேர்க்கலாம், நீளம் மாறாமல் திருத்தலாம், அழிக்க முடியாது. லாக் ஃபைலுக்குச் சரி. ஆர்.ஆர்.டி.எஸ்., அதாவது ரிலேட்டிவ் ஃபைல், என்பது எண் போட்ட அறைகள். ஆண்டின் நாளை 1 முதல் 366 வரை எண்ணிட்டால், 200-ஆம் நாளின் இடத்தை ஒரு பெருக்கலிலேயே கண்டுபிடித்துவிடலாம், இன்டெக்ஸே வேண்டாம். ஆனால் இடைவெளி விட்டு விட்டு வரும் ஒன்பது இலக்க எண்ணை அறை எண்ணாக வைத்தால் வட்டு முழுக்க வெற்று அறைகள்தான். எல்.டி.எஸ்.ஸுக்கு ரெக்கார்டு என்ற எண்ணமே கிடையாது, டிபி2 தரவுத்தளத்தின் டேபிள்கள் குடியிருப்பது அதில்தான்.

குழப்பம் வருவது நடுவில்தான். கே.எஸ்.டி.எஸ்.ஸில் ரெக்கார்டுகளில் 10 சதவீதத்தை மட்டும் இன்றிரவு திருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குறைவுதானே, கீ கொடுத்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். சி.ஐ.க்கு 16 ரெக்கார்டு இருக்கையில், ஒரு சி.ஐ. தொடப்படாமல் தப்பிக்கும் வாய்ப்பு 0.9-ஐ 16 முறை பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 0.19. நூற்றுக்கு 81 சி.ஐ.க்களை எப்படியும் படித்தாக வேண்டும். அதுவும் எந்த ரெக்கார்டைத் திருத்துவது என்று சொல்லும் பரிவர்த்தனைகள் கலைந்த வரிசையில் வந்தால், ஒரே சி.ஐ.யைத் திரும்பத் திரும்ப வட்டிலிருந்து இழுக்க நேரும். பரிவர்த்தனை ஃபைலை முன்கூட்டியே கீ வரிசையில் சார்ட் செய்துவிட்டால், அடுத்து வேண்டிய ரெக்கார்டு பல நேரம் ஏற்கெனவே பஃபரில், அதாவது நினைவகத்தில், இருக்கும். இதற்கு ஜாப்பின் படிகளை எழுதும் ஜே.சி.எல்.லில் ஒரு சார்ட் ஸ்டெப் சேர்த்தால் போதும், கோபோலில் ஒரு வரியும் மாறாது.