மருத்துவச் செயலி: சொல் விளக்கம்

‘அப்ளிகேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் ‘அப்ளிகாரே’. ஒன்றை இன்னொன்றோடு சேர்த்து வைப்பது என்று பொருள். புண்ணில் களிம்பு தடவுவதும் அப்ளிகேஷன், வேலைக்குப் போடும் மனுவும் அப்ளிகேஷன். கணினியில் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக எழுதிய நிரலுக்கும் அந்தப் பெயரே வந்தது. ஸ்மார்ட்போன் வந்தபின் அது ‘ஆப்’ என்று சுருங்கிப் பரவியது.

தமிழில் செயலி. ஒலிபெருக்கி, பூச்சிக்கொல்லி என்பவற்றில் வரும் இகரம்தான் இங்கே ‘செயல்’ என்பதோடு சேர்கிறது. முன்பு கணினித் தமிழில் இந்தச் சொல் கணினியின் மூளையான புராசசரைக் குறித்தது. ‘நுண்செயலி’யில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. ‘குறுஞ்செயலி’ என்று எழுதுவோரும் உண்டு. செயலியே போதும், நிலைத்துவிட்டது.

மருத்துவத்தில் மட்டும் இந்த ஒற்றைச் சொல் போதாது. நடந்த அடிகளை எண்ணுவதும் செயலி, மருந்தின் அளவைக் கணக்கிட்டுத் தருவதும் செயலி என்றால் இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு பயன்படுத்தத் தோன்றும். முதலாவதை ‘நலச் செயலி’ என்றும், நோயறியவோ சிகிச்சையை முடிவு செய்யவோ உதவுவதை ‘மருத்துவச் செயலி’ என்றும் பிரித்துச் சொல்வதே சரி என்பேன். நம் சட்டமும் இரண்டாவது வகையைத் தனியாகப் பார்க்கிறது. 2020 பிப்ரவரியில் வெளியாகி ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி, சிகிச்சைக்கான மென்பொருளும் மருத்துவக் கருவிதான்.

தீக்காயக் கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு உடற்பரப்பில் 30 சதவீதம் தீக்காயம். தீக்காயத்துக்கு எவ்வளவு திரவம் ஏற்றுவது என்று சொல்லும் பார்க்லாண்ட் வாய்பாட்டின்படி, ஒரு கிலோ எடைக்கும் ஒரு சதவீதக் காயத்துக்கும் 4 மில்லி. ஆக 4 × 60 × 30, அதாவது 24 மணி நேரத்துக்கு 7,200 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை நரம்பு வழியே ஏற்ற வேண்டும். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும். செயலியில் எடை பவுண்டில் இருப்பதைக் கவனிக்காமல் 60 என்று தட்டினால் விடை 3,300-க்கும் கீழே இறங்கிவிடும். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. அந்த எட்டு மணி நேரமும் தீப்பட்ட நேரத்திலிருந்து கணக்கு. வார்டுக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. சில செயலிகள் 4-க்குப் பதில் 2 மில்லியில் தொடங்கும், அதுவும் ஏற்கப்பட்ட முறைதான். எது உள்ளே ஓடுகிறது என்று தெரிய வேண்டும். ஒரு தாளில் பெருக்கிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. அதைத் தவிர்க்க எந்த அவசரமும் காரணமாகாது. அப்புறம், அளவு தொடக்கக் கணக்குதான். சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

அடுத்தது படம். வடசென்னையில் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்று பெரியவர்கள் சொல்லும் ஸ்டான்லியானாலும், ராயபுரத்துச் சின்ன கிளினிக்கானாலும், அறுவை சிகிச்சை முடிந்து காசிமேட்டுக்கோ தண்டையார்பேட்டைக்கோ வீடு திரும்பியவர், “டாக்டர், தையல் போட்ட இடம் செவந்திருக்கு, வரணுமா?” என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது இயல்பு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவருக்கு அது பெரிய உதவி. ஆனால் டியூப் லைட்டிலும் மஞ்சள் பல்பிலும் சிவப்பு வேறு வேறாகத் தெரியும். சூடு, அழுத்தினால் வலி, உள்ளே சீழ் கட்டியிருக்கும் மெத்துமெத்துப்பு எதுவும் படத்தில் வராது. காய்ச்சலோ சீழோ இருந்தால், வலி கூடிக்கொண்டே போனால், படத்தை வைத்துப் பதில் சொல்லாமல் அன்றே வரச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளும், எப்போது நேரில் பார்க்க வேண்டும் என்ற முடிவை மருத்துவரிடமே விட்டிருக்கின்றன.

வந்த படம் மருத்துவரின் கேலரியில் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களோடு கிடக்கும். தானாகவே கிளவுடுக்கும் ஏறிவிடும். எனவே அந்தத் தானியங்கிச் சேமிப்பை நிறுத்தி வைக்க வேண்டும். மருத்துவரே படம் எடுப்பதானால் நோயாளியிடம் கேட்டு, முகமும் பச்சை குத்திய பெயரும் தெரியாமல் எடுக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் சேர்த்ததும் போனிலிருந்து அழித்துவிட வேண்டும்.