முகத்துக்கு முன்னால் ஒரு முழம்

ருமேனியாவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "புது ஆள் யாரிடமாவது பேசப் போனால், பேச்சோடு பேச்சாகக் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொள்கிறார்கள். என்னைப் பிடிக்கவில்லையா?"

அப்படியில்லை. 42 நாடுகளில் ஏறக்குறைய 9,000 பேரிடம் கேட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர் மிகவும் தள்ளி நிற்க வேண்டும் என்றவர்கள் ருமேனியர்கள்தான், சுமார் 1.4 மீட்டர். அர்ஜென்டினாக்காரர்களுக்கு முக்கால் மீட்டரே போதுமாக இருந்தது. பார்த்ததும் கன்னத்தில் முத்தமிடுவது, ஆண்களுக்கிடையேகூட, அங்கே சகஜம்.

இந்த இடைவெளிகளை 1960களிலேயே வகைப்படுத்தியவர் அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால். மிக நெருங்கியவருக்கு மட்டுமே இடம் தரும் வட்டம், அவர் கணக்கில் 45 செ.மீ. நம் கணக்கில் ஒரு முழம்.

சரி, அளவு நாடா இல்லாமலே உடம்புக்கு இது எப்படித் தெரிகிறது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். குரங்கின் மூளையில், அசைவுகளைத் திட்டமிடும் பகுதியில், சில நரம்பணுக்கள் உண்டு. கன்னத்தைத் தொட்டால் துடிக்கும். தொடக்கூட வேண்டாம், கன்னத்தருகே ஒரு பொருளைக் கொண்டுபோனாலே துடிக்கும். அதையே எட்டத்தில் காட்டினால் சும்மா இருக்கும். தோல் முடிந்த பிறகும் காற்றுக்குள் கொஞ்சதூரம் உடம்பு நீள்கிறது! அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிராசியானோவும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். குரங்கின் அருகே ஒரு பொருளைக் காட்டிவிட்டு விளக்கை அணைத்தார்கள். கும்மிருட்டு. நரம்பணு துடித்துக்கொண்டே இருந்தது. பொருளைச் சத்தமில்லாமல் எடுத்த பிறகும், அது இன்னும் அங்கேயே இருப்பதுபோலத் துடித்தது. இந்த வகைப் பகுதியில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினால் குரங்கு கண்ணை இடுக்கி, தலையைத் திருப்பி, கையால் முகத்தைக் காத்துக்கொள்கிறது.

உடம்பைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கிறது என்று படம் எடுத்துக் கொடுத்துக் காசு பறிக்கிறார்களே, அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். உண்மையான வட்டம் மூளைக்குள் இருக்கிறது, அதைவிடப் பல மடங்கு அழகாக. "குரங்கு மூளையைக் குடைந்து என்ன லாபம்?" என்று கேட்காமல் இத்தகைய ஆய்வுக்குப் பணம் தர வேண்டும்.

மனிதரிடம் அமிக்டலா என்ற பாதாம்பருப்பு அளவுள்ள மூளைப் பகுதியும் இதில் சேர்கிறது. இருபக்க அமிக்டலாவும் பழுதான ஒரு பெண்மணியை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். மற்றவர்கள் சராசரியாக 64 செ.மீ. தள்ளி நிற்க, அவர் 34 செ.மீ. வரை வந்தார். மூக்கோடு மூக்கு நின்றாலும் அவருக்குக் கூச்சமில்லை.

மூளைக்குள் இருக்கும் இந்த எச்சரிக்கை மணி ருமேனியருக்கும் அர்ஜென்டினாக்காரருக்கும் ஒன்றுதான். எத்தனை அடியில் ஒலிக்க வேண்டும் என்பதை வளர்ந்த ஊர் பழக்கிவிடுகிறது என்பது என் எண்ணம். ஆகவே தங்கச்சி, அவர் ஓர் அடி பின்னால் போனால் நீங்கள் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். நீங்களும் முன்னால் போனால் அவர் இன்னும் ஓர் அடி நகர்வார்.