“சகல உரிமைகளும்” என்று ஒரு வரி

போன மாதம் ஒருவர் தகரப் பெட்டியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய அப்பா தொண்ணூறுகளில் மூன்று சின்ன பட்ஜெட் படங்கள் எடுத்தவர். பெட்டிக்குள் லேப் லெட்டர் (நெகட்டிவ் மீது யாருக்கு உரிமை என்று லேபுடன் எழுதிக்கொள்ளும் கடிதம்), விநியோகஸ்தர் ரசீதுகள், அப்புறம் 1998ல் எழுதிய ஒரு பத்திரத்தின் ஜெராக்ஸ். அதில் “படத்தின் சகல உரிமைகளும்” என்று ஒரே வரி. எத்தனை வருடத்துக்கு, எந்த நாட்டுக்கு என்று எதுவும் இல்லை. இப்போது படம் யூடியூபில் ஓடுகிறது, வீட்டுக்கு ஒரு பைசா வரவில்லை. “சார், படம் எங்களோடதா இல்லையா?” என்று கேட்டார்.

பதிப்புரிமை வழக்கறிஞராக இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ராபர்ட் லிப்பெர்ட் ஞாபகம் வரும். கலிஃபோர்னியாவில் தியேட்டர்கள் நடத்தியவர் (1909–1976). பெரிய ஸ்டுடியோக்கள் கேட்ட வாடகை கட்டுப்படியாகாமல் நாற்பதுகளில் தானே படம் எடுக்க இறங்கினார். நம் ஊருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1952ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுடன் சேர்ந்து அவருடைய நிறுவனம் எடுத்த ‘தி ஜங்கிள்’ தமிழில் ‘காடு’ என்று வந்தது. யானைகளுக்கு ரோமம் போர்த்தித்தான் அதில் மம்மத் (அழிந்துபோன ரோம யானை) ஆக்கியிருப்பார்கள்.

அந்தப் படத்தை இயக்கிய வில்லியம் பெர்க், அதற்கு முந்தைய வருடம் லிப்பெர்ட்டுக்கு மூன்று குற்றக் கதைப் படங்கள் எடுத்துக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பாதியில் ஒரு கதை முடிந்து, அதே கதாநாயகனுக்கு வேறொரு சிக்கல் ஆரம்பிக்கும். தியேட்டரில் ஓட்டினால் ஒரு படம், நடுவில் வெட்டினால் டி.வி.க்கு இரண்டு அரை மணி நேர எபிசோடு. டி.வி.யைக் கண்டு ஸ்டுடியோக்கள் பயந்துகொண்டிருந்த 1951ல் இப்படி யோசித்தவர் மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு.

ஆனால் அவர் சறுக்கியதும் டி.வி.யில்தான். தியேட்டருக்கு எடுத்த படங்களை டி.வி.க்கு விற்றார். அந்தப் பணத்தில் எங்கள் பங்கு எங்கே என்று நடிகர் சங்கம் பிடித்துக்கொண்டது. பிறகு ஃபாக்ஸ் ஸ்டுடியோவுக்காக மலிவுப் படங்கள் எடுக்க ஒரு நிறுவனம் தொடங்கியபோது, சங்கத்தோடு இருந்த அந்தத் தகராறால் தலைவர் நாற்காலியில் வேறொருவரை உட்காரவைத்துவிட்டுப் பின்னாலிருந்துதான் நடத்த முடிந்தது. 1960ல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான், புதிய படங்கள் டி.வி.யில் ஓடினால் பங்கு உண்டு என்பது ஒப்பந்தத்தில் ஏறியது.

புது ஊடகம் வரும்போது சின்னத் தயாரிப்பாளர்தான் முதலில் துணிகிறார், அடியும் அவருக்குத்தான் முதலில் விழுகிறது. கோடம்பாக்கத்தில் சாட்டிலைட் வந்தபோதும் அப்படித்தான், ஓ.டி.டி. வந்தபோதும் அப்படித்தான். அவசரத்துக்குப் பணம் வேண்டும், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது பத்திரத்தை நிதானமாகப் படிக்க யாரால் முடியும்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஓரளவு அவர்கள் பக்கம் இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான் கணக்கு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். 1994 திருத்தத்தில் வந்த விதி இது. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. எழுதும் நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு உரிமை போகாது, அதைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் ஒழிய. படத்துக்கு எழுதியவரும் இசையமைத்தவரும் தியேட்டருக்கு வெளியே வரும் வருமானத்தில் ராயல்டி பெறும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றும் சொன்னது. லிப்பெர்ட்டிடம் நடிகர்கள் சண்டை போட்டுக் கேட்டது போன்ற ஒரு பங்குதான் இதுவும். 2012 ஜூன் 21ல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பத்திரங்கள் என்றால் ஒவ்வொரு வார்த்தைக்கும் வாதாட வேண்டியிருக்கிறது.

அதனால் “99 வருடம்”, “நிரந்தரமாக”, “இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்” என்ற வார்த்தைகள் பத்திரத்தில் இருந்தால் தயவுசெய்து கையெழுத்துக்கு முன்னால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். யாரிடமாவது காட்டுங்கள்.

பெட்டியோடு வந்தவருக்கு வருவோம். காலம் எழுதாத பத்திரம் என்பதால் அந்த உரிமை 2003லேயே முடிந்துவிட்டது என்பதுதான் நான் எடுக்கப்போகும் வாதம். நோட்டீஸ் தயாராகிறது. நெகட்டிவ் வைத்திருந்த லேப் மூடிப் பல வருடமாகிறது. பத்திரத்தின் அசல் யார் கையில் இருக்கிறது என்று இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.